புருவங்களுக்கு இடையில் போடும் சுருக்க ஊசி: போடுவதற்கு முன் எவற்றை அறிந்திருக்க வேண்டும்?

கேள்வி: கிளிநொச்சி ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். நான் கிளிநொச்சியில் ஒரு பாடசாலையில் கற்பிக்கிறேன், வயது 46. இரு புருவங்களுக்கும் நடுவில் செங்குத்தாக இரண்டு கோடுகள் விழுந்து, கடந்த சில ஆண்டுகளில் நன்றாக ஆழமாகிவிட்டன. மனதில் கோபம் எதுவும் இல்லாத வேளையிலும், "ரீச்சர், எங்களோட கோவமோ?" என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். அவர்கள் அப்படிக் கேட்பது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

ஆவணியில் எனது பெறாமகளின் திருமணம் நடக்க இருக்கிறது. அதற்காக ரொறன்ரோவிலிருந்து வந்து எங்களுடன் நிற்கும் மச்சாள், இதே இடத்தில் சில ஆண்டுகளாகப் போடொக்ஸ் ஊசி போட்டு வருவதாகச் சொல்லி, என்னையும் போடும்படி வற்புறுத்துகிறார். இங்கு ஏ9 வீதியோரம் உள்ள ஓர் அழகுக்கலை நிலையத்தில், கொழும்பிலிருந்து ஒருவர் மாதத்துக்கு ஒருமுறை வந்து இதனைக் குறைந்த விலையில் போடுகிறாராம். அது நஞ்சிலிருந்து செய்யப்படும் மருந்து என்று கேள்விப்பட்டதால் தயங்குகிறேன்.

இந்த ஊசி உடம்புக்குள் என்ன செய்கிறது? நான் இரத்த அழுத்தத்துக்கான மாத்திரையும், வைத்தியர் எழுதித் தந்த அஸ்பிரினும் எடுத்து வருகிறேன். வேறு வருத்தம் எதுவும் இல்லை. பின்னேரமானால் மட்டும் இமைகள் பாரமாகிக் கண்ணைத் திறந்து வைத்திருப்பது சிரமமாக இருக்கும். அது நாள் முழுதும் நின்று படிப்பிக்கும் களைப்பு என்று நினைக்கிறேன். அறிந்தவர்கள் விளக்கமாக எழுதினால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில்: தோல் கிளினிக் வைத்தியர், வவுனியா

வணக்கம், ஆசிரியை அவர்களே. தங்கள் கேள்வியின் கடைசி வரிகளில் ஒன்று என்னை நிறுத்திவிட்டது. அதைப் பற்றிப் பின்னர் சொல்கிறேன். முதலில் ஊசியின் வேலையைச் சொல்லிவிடுகிறேன்.

நாம் புருவத்தை நெரிக்கும்போது, மூளையிலிருந்து புறப்பட்ட கட்டளை நரம்பின் நுனிக்கு வந்து, அங்கே அசற்றைல்கோலின் என்ற பொருளை வெளிவிடச் செய்கிறது. அந்தப் பொருள் தசையில் பட்டவுடன் தசை சுருங்குகிறது. போடொக்ஸ் ஊசியில் இருக்கும் பொட்டுலினம் நச்சு நரம்பு நுனிக்குள் புகுந்து, அசற்றைல்கோலின் வெளியேறுவதற்கு இன்றியமையாத ஒரு புரதத்தை வெட்டிவிடுகிறது. கட்டளை வந்தாலும் பொருள் வெளியேறாததால் தசை சுருங்குவதில்லை. தசை சுருங்காவிட்டால் அதன் மேலுள்ள தோல் மடிவதில்லை. ஆக, இந்த ஊசி தோலை இழுப்பதுமில்லை, பள்ளத்தை நிரப்புவதுமில்லை. அதன் வேலை முழுவதும் நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்திலேயே நடக்கிறது.

பலன் ஊசி போட்ட அன்றே தெரியாது. இரண்டு, மூன்று நாட்களில் தொடங்கி, ஏறத்தாழ இரண்டு வாரங்களில் முழுமையடையும். நரம்பு நுனிகள் மெல்ல மெல்லத் தம் வேலையை மீட்டுக்கொள்வதால், மூன்று நான்கு மாதங்களில் தசை பழைய நிலைக்குத் திரும்பும், கோடும் திரும்பும். தங்கள் மச்சாள் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து போட்டு வருவதற்குக் காரணம் இதுதான். விருப்பமில்லாதபோது நிறுத்திவிடலாம்; நிறுத்துவதால் முகம் முன்னிருந்ததை விட மோசமாகாது. ஆனால், மூன்று மாதத்துக்குள் திரும்பத் திரும்பப் போடுவது நல்லதல்ல. உடல் அதற்கு எதிர்ப்புப் பொருளை உருவாக்கி, பின்னர் மருந்து வேலை செய்யாமலே போகக்கூடும்.

எந்தக் கோட்டுக்கு இது பொருந்தும் என்பதைத் தாங்களே கண்ணாடியில் பார்த்துக்கொள்ளலாம். முகத்தைத் தளர்த்தி வைத்திருக்கும்போது மறைந்து, நெரிக்கும்போது மட்டும் தோன்றும் கோடு இந்த மருந்துக்கு நன்றாகவே கட்டுப்படும். தளர்த்திய முகத்திலும் தோலில் கீறியது போல நிற்கும் கோடு மென்மையாகுமே தவிர அழியாது. தாங்கள் எழுதியதைப் பார்த்தால் தங்களுடையது இரண்டாவது வகையை நெருங்கிவிட்டது போலத் தெரிகிறது; மச்சாளின் நெற்றியை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம்.

நஞ்சுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆம், குளொஸ்ரிடியம் பொட்டுலினம் என்ற பக்றீரியா உண்டாக்கும் நஞ்சுதான். சரியாகப் பதப்படுத்தாமல் தகரத்திலும் போத்தலிலும் அடைத்த உணவில் அது பெருகினால் ஆளைக் கொல்லும். மருந்தாகப் பயன்படும்போது அதன் அளவு நனோகிராம் கணக்கில், அதாவது ஒரு கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில்தான் இருக்கிறது. இது அழகுக்காகக் கண்டுபிடிக்கப்பட்டதும் அன்று. சான் பிரான்சிஸ்கோவில் அலன் ஸ்கொட் என்ற கண் வைத்தியர் மாறுகண்ணைச் சத்திரசிகிச்சை இல்லாமல் திருத்த இதனை முதலில் பயன்படுத்தினார். 1989இல் அமெரிக்காவில் மாறுகண்ணுக்கும், இமை தானாகவே இறுகி மூடிக்கொள்ளும் இமை இசிவுக்கும் அனுமதி கிடைத்தது. கனடாவின் வன்கூவரில் இமை இசிவுக்காக ஊசி போட்டுக்கொண்ட நோயாளி ஒருவரின் புருவக் கோடு மறைந்ததைக் கவனித்த ஜீன் கருதர்ஸ் என்ற கண் வைத்தியரும், தோல் வைத்தியரான அவரது கணவரும் 1992இல் அதனை எழுதி வெளியிட்டார்கள். புருவ இடைக் கோட்டுக்கான அமெரிக்க அனுமதி 2002இல்தான் வந்தது.

இனி, தாங்கள் களைப்பு என்று ஒதுக்கிவிட்ட அந்த இமைப் பாரத்தைப் பற்றிச் சொல்கிறேன். பின்னேரத்தில் இமை பாரமாவது பெரும்பாலும் வெறும் களைப்பாகவே இருக்கும். எனினும், மயஸ்தீனியா கிராவிஸ் என்று ஒரு நோய் உண்டு. அதிலும் நரம்பும் தசையும் சந்திக்கும் அதே இடம்தான் பாதிக்கப்படுகிறது. காலையில் நன்றாக இருக்கும் இமை மாலையில் தொங்கும், சிலருக்குப் பொருட்கள் இரண்டாகத் தெரியும், சாப்பிடச் சாப்பிட மென்று விழுங்கக் களைக்கும். அந்த நோயை அறியாமல் இந்த ஊசியைப் போட்டால், விழுங்கவும் மூச்சு விடவும் முடியாத ஆபத்தில் கொண்டுபோய் விடலாம். தங்களுக்கு அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று ஒரு வைத்தியர் பார்த்துச் சொல்லும்வரை ஊசியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன்.

நோய் எதுவும் இல்லாவிட்டாலும் இன்னொன்று உண்டு. வயதுடன் மேல் இமைத் தோல் தளர்ந்தவர்கள், தம்மை அறியாமலே நெற்றித் தசையால் புருவத்தைத் தூக்கிப் பார்வையைக் காப்பாற்றி வருவார்கள். அப்படிப்பட்டவருக்கு நெற்றியிலும் சேர்த்து ஊசி போட்டால் புருவம் இறங்கிக் கண்ணை மூடும். புருவ இடையில் மட்டும் போடும்போதுகூட, மருந்து தாழ இறங்கி இமையைத் தூக்கும் தசையைத் தொட்டுவிட்டால் ஒரு கண் பாதி மூடியபடி பல வாரங்கள் நிற்கும். ஒருவகைக் கண் சொட்டு மருந்து சற்று உதவும். மற்றப்படி அது தானாகத் தெளியும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். இதனால்தான் ஊசி போடுபவர் முதலில் உங்களை நெரிக்கச் சொல்லி, தசை எங்கே புடைக்கிறது என்று விரலால் தொட்டுப் பார்த்து, கண்குழி எலும்பின் விளிம்பிலிருந்து ஒரு சென்ரிமீற்றராவது மேலே தள்ளி ஊசியை இறக்குகிறார். அப்படித் தொட்டுப் பார்க்காமல் நேரே ஊசியை எடுப்பவரிடம் முகத்தைக் கொடுக்க வேண்டாம்.

அஸ்பிரினை இதற்காகத் தாங்களாக நிறுத்திவிட வேண்டாம். அதனால் ஊசி குத்திய இடத்தில் இரத்தம் கண்டிப்போகும் வாய்ப்புச் சற்றுக் கூடும், அவ்வளவுதான். அது ஒரு கிழமையில் போய்விடும். கருவுற்றிருப்பவர்களும் பாலூட்டும் தாய்மாரும் இதனைத் தவிர்க்க வேண்டும். ஜென்டாமைசின் போன்ற சில நுண்ணுயிர்க்கொல்லி ஊசிகள் இதன் வேலையைக் கூட்டிவிடும் என்பதால், அண்மையில் எடுத்த மருந்துகள் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். ஊசி குத்தும் இடத்தில் பருவோ புண்ணோ இருந்தால் அது ஆறும்வரை பொறுக்க வேண்டும்.

பதில்: மருந்தாளர், வவுனியா

வைத்தியர் உடம்பைப் பற்றி எழுதிவிட்டார். நான் குப்பியைப் பற்றி எழுதுகிறேன், ஏனென்றால் மாதத்துக்கு ஒருமுறை கொழும்பிலிருந்து ஒருவர் கொண்டுவரும் மருந்து என்று வாசித்ததும் எனக்கு முதலில் கவலை தந்தது அதுதான்.

போடொக்ஸ் குப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், வெறும் குப்பியோ என்று தோன்றும். அடியில் மெல்லிய படலம் போல ஏதோ ஒட்டியிருக்கும். 100 அலகு மருந்து அதுதான். உள்ளே வெற்றிடம் இருப்பதால், உப்புக்கரைசல் ஏற்றிய ஊசியை இறப்பர் மூடியில் குத்தியவுடன், நாம் அழுத்தாமலே கரைசலைக் குப்பி தன்பாட்டில் உள்ளே இழுத்துக்கொள்ளும். இழுக்காவிட்டால் அந்தக் குப்பியைப் பயன்படுத்தக் கூடாது என்பது தயாரிப்பாளரின் அறிவுறுத்தல். வழக்கமான முறையில் 100 அலகை இரண்டரை மில்லிலீற்றரில் கரைத்து, புருவ இடையில் ஐந்து புள்ளிகளில், புள்ளிக்கு 0.1 மில்லிலீற்றர் வீதம், மொத்தம் 20 அலகு போடுவார்கள். கூடுதலான கரைசலை ஊற்றி மருந்தை நீர்த்துப்போகச் செய்வது பார்ப்பவருக்குத் தெரியாது. விலை குறைவதற்கு அதுவும் ஒரு வழி. ஆகவே குப்பியைத் தங்கள் கண்முன்னே திறக்கச் சொல்லுங்கள். எத்தனை அலகு போடப்படுகிறது என்றும் எழுதி வாங்குங்கள். எந்த வர்த்தகப் பெயர் என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும், ஏனென்றால் ஒன்றின் அலகு மற்றொன்றின் அலகுக்குச் சமமாகாது. இதே இடத்துக்கு டிஸ்போர்ட் என்ற வேறு வர்த்தகப் பெயருள்ள மருந்து என்றால் 50 அலகு.

திறக்காத குப்பி 2 முதல் 8 பாகை செல்சியஸ் வரையான குளிரில் இருக்க வேண்டும். கொழும்பிலிருந்து கிளிநொச்சிக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் வரவேண்டும். மதவாச்சி தாண்டி மாங்குளம், முறிகண்டி என்று வரும்போது பஸ்ஸுக்குள் அடிக்கும் வெக்கையை நாம் எல்லோரும் அறிவோம். ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் வைத்துக் கொண்டுவந்தேன் என்று சொன்னால், அந்தப் பெட்டிக்குள் வெப்பமானி இருந்ததா என்று கேட்பதில் தவறில்லை. கரைத்த பின்னர் குளிரில் வைத்து 24 மணித்தியாலத்துக்குள் ஒரே நோயாளிக்குப் பயன்படுத்த வேண்டும் என்பதே போடொக்ஸ் குப்பிக்குரிய அறிவுறுத்தல். மாதத்துக்கு ஒருமுறை வருபவர், ஒருவருக்குப் போட்டு எஞ்சியதை என்ன செய்கிறார்?

இவற்றை விடப் பெரிய கவலை, குப்பிக்குள் இருப்பது மருந்துதானா என்பது. 2004இல் அமெரிக்காவின் புளோரிடாவில், மனிதருக்குப் போடவே கூடாத ஆய்வுகூட நச்சைச் சுருக்க ஊசியாகப் போட்டதில் நான்கு பேர் உடல் செயலிழந்து மூச்சுக்கருவியில் கிடந்தார்கள். 2024இலும் அந்த நாட்டின் பல மாநிலங்களில் போலிப் போடொக்ஸ் பிடிபட்டது. போட்டுக்கொண்ட சிலர் வைத்தியசாலையில் சேர்க்கப்பட்டார்கள். அவ்வளவு கண்காணிப்பு உள்ள நாட்டிலேயே நடந்தது இங்கு நடவாது என்று எண்ணுவதற்கு இடமில்லை. நமது நாட்டில் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்படி, தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையில் பதியப்பட்ட மருந்தே விற்கப்படலாம். பெட்டியில் தொகுதி இலக்கமும் காலாவதித் திகதியும், இறக்குமதி செய்தவரின் பெயரும் இருக்கின்றனவா என்று பாருங்கள். குப்பியில் உள்ள தொகுதி இலக்கமும் அதுவாகவே இருக்க வேண்டும். ஊசி போடுபவரின் பெயர் இலங்கை மருத்துவ சபையின் பதிவில் இருக்கிறதா என்பதையும் கேட்டு அறியலாம். தனியார் மருத்துவ நிலையங்களைப் பதிவுசெய்ய 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. தலைமுடி வெட்டும் கதிரையில் இருத்தி ஊசி போடும் இடம் அப்படிப் பதியப்பட்டதா என்று விசாரியுங்கள்.

கேள்வி: புதுக்குடியிருப்பு வாசகி

இடையில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். எனக்கு 2009இல் எறிகணைச் சிதறல் பட்டு, இடப்புற நெற்றியிலிருந்து புருவம் வரை ஒரு தழும்பு இருக்கிறது. அந்தப் பக்கப் புருவம் மற்றப் பக்கம் போல உயராது. தழும்பும் சுருங்கியபடிதான் இருக்கிறது. இந்த ஊசி அதற்கு உதவுமா, டொக்டர்?

பதில்: தோல் கிளினிக் வைத்தியர், வவுனியா

மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை, சகோதரி. இது நம் பகுதியில் பலருக்கும் உள்ள கேள்வி, கேட்டது நல்லது.

பழைய தழும்பை இந்த ஊசி நிரப்பாது, அதன் நிறத்தையும் மாற்றாது. தங்கள் இடப்புருவம் உயராமல் இருப்பதால், நெற்றித் தசையோ அதற்குச் செல்லும் நரம்போ அன்றே காயப்பட்டிருக்கலாம். அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே பலம் குறைந்த தசைக்கு மருந்து போட்டால் புருவம் இன்னும் இறங்கும். சில வேளைகளில் எதிர்ப்பக்கத்துக்கு மட்டும் சிறிதளவு போட்டு இரு பக்கத்தையும் ஒத்துவரச் செய்வதுண்டு. அது முக நரம்புப் பாதிப்பை நன்கு அறிந்த நிபுணர் செய்ய வேண்டிய வேலை. தழும்புக்கென்று வேறு சிகிச்சைகள் இருக்கின்றன. பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணர் ஒருவரைக் காண, தங்கள் வைத்தியசாலையில் கடிதம் கேளுங்கள். அன்றைய எக்ஸ்-கதிர்ப் படமோ சிகிச்சைத் துண்டோ இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். உள்ளே துண்டு ஏதும் தங்கியிருக்கிறதா என்பதை ஊசியோ கத்தியோ எடுப்பவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

பதில்: இயன்மருத்துவர், முல்லைத்தீவு

இதே மருந்தை நான் வேறோர் இடத்தில் காண்கிறேன். பாரிசவாதம் வந்தவர்களுக்கும் தலையில் காயப்பட்டவர்களுக்கும் கைத்தசைகள் இறுகி, விரல்கள் உள்ளங்கைக்குள் மடங்கிப் பூட்டிவிடும். நகம் தோலில் புதைந்து புண்ணாகி, துடைக்கவும் முடியாமல் நாறும். நிபுணர் முன்கைத் தசைகளில் பொட்டுலினம் நச்சை ஏற்றிய பின்னர், சில வாரங்களில் அந்த விரல்களை ஒவ்வொன்றாக விரித்து, உள்ளங்கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி, நகம் வெட்ட முடிகிறது. அந்தக் கையைப் பிடித்து விரித்தவள் என்ற முறையில், இதனை வெறும் அழகு ஊசி என்றோ வெறும் நஞ்சு என்றோ யாராவது சொல்லும்போது மனம் ஏற்பதில்லை.

அதனுடன் ஒரு வேண்டுகோள். தசை இறுக்கத்துக்கோ ஒற்றைத் தலைவலிக்கோ சிறுநீர்ப்பைக்கோ ஏற்கெனவே இந்த மருந்தை எடுத்து வருபவர்கள், முகத்துக்குப் போட முன் அதனைக் கட்டாயம் சொல்ல வேண்டும். உடம்பில் எந்த இடத்தில் போட்டாலும் மூன்று மாதத்துக்குள் சேரும் மொத்த அளவுக்கு ஓர் எல்லை இருக்கிறது. ஊசிக்குப் பிறகு சில மணித்தியாலங்கள் தொடக்கம் சில வாரங்கள் வரை எப்பொழுதாவது விழுங்கச் சிரமம், குரல் மாற்றம், இரட்டைப் பார்வை, மூச்சுத் திணறல், உடம்பு முழுவதும் பலவீனம் ஏற்பட்டால், ஊசி போட்டவரைத் தொலைபேசியில் தேடிக்கொண்டிராமல் நேரே அருகிலுள்ள வைத்தியசாலைக்குப் போக வேண்டும். முறிமருந்து பாதிப்பு மேலும் பரவாமல் தடுக்குமே தவிர ஏற்கெனவே செயலிழந்த தசையை மீட்காது. அதனால் பிந்துவது ஆபத்து.

கேள்வி கேட்டவர்: கிளிநொச்சி ஆசிரியை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஏ9 வீதி நிலையத்துக்குப் போவதில்லை என்று மச்சாளிடம் சொல்லிவிட்டேன். இமைப் பாரத்துக்காக மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு இந்தக் கிழமையே போகிறேன். அங்கே எல்லாம் சரி என்று சொன்னால், திருமணத்துக்கு எவ்வளவு காலம் முன்னதாக ஊசி போட வேண்டும்? போட்ட பின்னர் முகம் மரத்த மாதிரி ஆகிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது. பிள்ளைகளுக்கு முன்னால் நின்று பேசுகிற தொழில் என்னுடையது.

பதில்: தோல் கிளினிக் வைத்தியர், வவுனியா

எல்லாம் சரியென்றால் ஆடி பிறந்தவுடன் போடுவது பொருத்தம். பலன் முழுமையாகத் தெரிய இரண்டு வாரம் வேண்டும். ஒரு பக்கம் கூடிக் குறைந்திருந்தால் அதற்குப் பிறகுதான் திருத்தலாம். இரத்தம் கண்டியிருந்தாலும் அதற்குள் மறைந்துவிடும். திருமணத்துக்கு முதற்கிழமையில் அவசரமாகப் போடுபவர்கள், ஏதாவது பிசகினால் படங்கள் எல்லாவற்றிலும் அந்தப் பிசகுடனே நிற்க வேண்டிவரும். போட்ட அன்று அந்த இடத்தைத் தேய்க்கவோ அழுத்தவோ கூடாது. நான்கு மணித்தியாலமாவது படுக்காமலும் குனிந்து பாரமான வேலை செய்யாமலும் இருக்கும்படி சொல்வது வழக்கம்.

முகம் மரப்பதில்லை, தொடுவுணர்ச்சி அப்படியே இருக்கும். புருவ இடையில் மட்டும் அளவாகப் போட்டால் நெரிப்பது மட்டுந்தான் குறையும். சிரிப்பும் வியப்பும் வழமை போல முகத்தில் தெரியும். நெற்றி முழுவதையும் அசையாமல் செய்துவிடுவதை நான் ஊக்குவிப்பதில்லை, அதுவும் ஓர் ஆசிரியைக்கு.

வைத்தியசாலைக்குப் போகும்போது இன்னொன்றையும் செய்துவாருங்கள். 46 வயதில் கிட்டப் பொருளைப் பார்க்கும் சக்தி குறைவது எல்லோருக்கும் இயல்பு. கண்ணாடி இல்லாமல் கட்டுக்கட்டாகப் பயிற்சிக் கொப்பிகள் திருத்துபவர்கள் எழுத்தைத் தெளிவாகப் பார்க்கப் புருவத்தை நெரித்தபடியே மணிக்கணக்கில் இருப்பார்கள். வெளிக்கிட்டால் வெயிலுக்கும் கண்ணைச் சுருக்குவார்கள். தாங்கள் கண்ணாடி போடுவதாக எழுதவில்லை. கண் கிளினிக்கில் பார்வையைச் சோதித்து, தேவையென்றால் வாசிக்கும் கண்ணாடி எடுத்து, வெளியில் குடையும் சூரியக் கதிர்த் தடுப்புப் பூச்சும் பழக்கப்படுத்திக்கொண்டால், நெரிக்க வேண்டிய தேவையே குறையும். ஊசியைப் பற்றி அதன் பிறகு பேசுவோம். இமைப் பரிசோதனையின் முடிவு கிடைத்ததும் இங்கே எழுதுங்கள்.